இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஏன் கடைசி வாரத்தில் வந்து முட்டுகிறது? பொறியியல் மாணவருக்குத் திட்ட மேலாண்மை

திட்ட மேலாண்மையைப் பாடமாக எடுத்த பொறியியல் மாணவருக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். ஓர் அட்டவணை கொடுத்திருப்பார்கள். ஏ, பி, சி என்று எட்டு ஒன்பது வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எதற்குப் பிறகு எது என்ற விவரம். எதற்குப் பிறகு எது என்பதை அம்புக்குறிகளால் காட்டும் வலைப்படம் வரைந்து கிரிட்டிகல் பாத் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும், முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதப் பிடிக்காதவர்கள் தேடிப்பிடித்து எழுதும் கேள்வி அது.

அதே மாணவர் எட்டாம் செமஸ்டரில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் செய்கிறார். இரண்டாவது ரிவ்யூவில் கைடு கேட்கிறார்: "ஹார்டுவேர் எங்கே?" பதில் வருகிறது: "போர்டு இன்னும் வரவில்லை சார்." தேர்வில் அவ்வளவு சுலபமாகப் போட்ட கணக்கு சொந்த வேலைக்கு ஏன் உதவவில்லை? அதை யாரும் அங்கே போட்டுப் பார்க்கவே இல்லை. போடாததற்கும் காரணம் இருக்கிறது. தேர்வில் அட்டவணையைக் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. வெளியே வந்தால் அந்த அட்டவணையை நாம்தான் எழுத வேண்டும். திட்ட மேலாண்மையில் கடினமான பகுதி அதுதான். மிச்சத்தைக் கணினி நொடியில் செய்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அட்டவணை எழுதுவதைப் பற்றியது.

எது திட்டம், எது திட்டமல்ல என்று முதலில் ஒரு வார்த்தை. தொடக்கமும் முடிவும் உள்ள, இதே வடிவில் முன்பு செய்யாத வேலைதான் திட்டம். விடுதி மெஸ் நடத்துவது திட்டமல்ல, அது நாள்தோறும் நடப்பது. அந்த மெஸ்ஸுக்குப் புதிய சமையலறை கட்டுவது திட்டம். முன்பு செய்யாதது என்பதால் எத்தனை நாளாகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. முடிவுத் தேதி ஒன்று இருப்பதால் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்காக உருவான பாடம் இது.

வேலையைப் பிரிப்பது

மின்னணுவியல் பிரிவில் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். மண்ணின் ஈரத்தை அளந்து, தேவைப்படும்போது பம்பை ஓடவிட்டு, போதுமானதும் நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்யப் போகிறார்கள். எத்தனை கல்லூரிகளில் எத்தனை முறை செய்தாயிற்று என்று சிரிக்க வேண்டாம். எல்லோருக்கும் பழக்கமான கருவி என்பதால்தான் இதை எடுத்தேன்.

வேலைகளை எழுதச் சொன்னால் குழு நான்கு சொற்களை எழுதும்: டிசைன், கோடிங், டெஸ்டிங், ரிப்போர்ட். இதில் விட்டுப்போனவற்றைப் பாருங்கள். பொருள் வாங்குவது இல்லை. அச்சு மின்சுற்றுப் பலகையை, அதாவது பிசிபியை, செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது இல்லை. சென்சார் காட்டும் எண்ணுக்கும் மண்ணின் உண்மையான ஈரத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கும் அளவுத்திருத்தம் இல்லை. கருவியை மழையிலிருந்து காக்கும் பெட்டி இல்லை. நாம் கைகொண்டு செய்வது மட்டுமே வேலை என்று மனம் நினைத்துக்கொள்கிறது. அடுத்தவர் செய்வதும், தபாலில் வருவதும், கையெழுத்துக்காக மேசையில் கிடப்பதும் கண்ணில் படுவதில்லை. திட்டத்தின் நாட்களை அதிகம் தின்பவை பெரும்பாலும் இவைதான்.

வேலையைப் பிரிக்கும்போது ஒரு சோதனையை வைத்துக்கொள்ளலாம்: முடிந்ததா இல்லையா என்று மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். "கோடிங்" என்று எழுதினால் அது மாதக் கணக்கில் தொண்ணூறு சதவீதத்திலேயே நிற்கும். "சென்சார் மதிப்பைப் படித்துத் திரையில் காட்டுகிறது" என்று எழுதினால், காட்டுகிறதா இல்லையா என்பதோடு விவாதம் முடிந்துவிடும்.

சரியாகப் பிரித்த பிறகு அட்டவணை இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

வடிவமைப்பு: 8 நாள். இதற்கு முன் வேலை எதுவும் இல்லை.
பிசிபி செய்து வரவழைத்தல்: 15 நாள். வடிவமைப்புக்குப் பிறகு.
சென்சார், பம்பு, ரிலே (பம்பை ஓடவிட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்) வாங்குதல்: 5 நாள். வடிவமைப்புக்குப் பிறகு.
சென்சார் அளவுத்திருத்தம்: 6 நாள். வாங்கிய பிறகு.
நிரல் எழுதுதல்: 12 நாள். வடிவமைப்புக்குப் பிறகு.
பெட்டி செய்தல்: 7 நாள். வடிவமைப்புக்குப் பிறகு.
பொருத்துதல்: 4 நாள். பிசிபி, அளவுத்திருத்தம், பெட்டி மூன்றும் முடிந்த பிறகு.
வயலில் சோதனை: 10 நாள். பொருத்துதலும் நிரலும் முடிந்த பிறகு.
அறிக்கை எழுதுதல்: 9 நாள். சோதனைக்குப் பிறகு.

எல்லா நாட்களையும் கூட்டினால் 76. சில வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும் என்பதால் அவ்வளவு ஆகாது. எவ்வளவு ஆகும் என்பதற்கு முன்னோக்கி ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். வடிவமைப்பு 8ஆம் நாள் முடிகிறது. பிசிபி 23ஆம் நாள் கைக்கு வருகிறது. பொருள் வாங்குவது 13இல் முடிந்து, அளவுத்திருத்தம் 19இல் முடிகிறது. நிரல் 20, பெட்டி 15. பொருத்துதலுக்கு மூன்றும் வேண்டும். கடைசியாக வருவது பிசிபி, ஆகவே 23இல் தொடங்கி 27இல் முடிகிறது. சோதனை 37. அறிக்கை 46. ஆக மொத்தம் 46 நாள்.

இனி முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கலாம். 46இல் முடிய வேண்டுமானால் அறிக்கை 37இல் தொடங்கியாக வேண்டும். சோதனை 27இல், பொருத்துதல் 23இல். பெட்டி 23ஆம் நாளுக்குள் வந்தால் போதும். அது 15இலேயே முடிந்துவிடுவதால் 8 நாள் கையில் மிச்சம். இந்த மிச்சத்தைத் தளர்வு என்போம். நிரல் 27க்குள் முடிந்தால் போதும், 20இல் முடிகிறது. தளர்வு 7 நாள். வாங்குதலுக்கும் அளவுத்திருத்தத்துக்கும் சேர்த்து 4 நாள். சேர்த்து என்பதைக் கவனியுங்கள். வாங்கப் போனவர் அந்த நான்கையும் செலவழித்துவிட்டால், அளவுத்திருத்தம் செய்பவருக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது.

வடிவமைப்பு, பிசிபி, பொருத்துதல், சோதனை, அறிக்கை ஆகிய ஐந்துக்கும் தளர்வே இல்லை. 8, 15, 4, 10, 9 கூட்டினால் 46. இந்தத் தொடர்தான் கிரிட்டிகல் பாத். நெருக்கடிப் பாதை என்று தமிழில் சொல்லலாம். இதில் எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனாலும் முழுத் திட்டமும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இந்தக் கணக்கு எதைக் காட்டிக்கொடுக்கிறது

தேர்வு இந்த இடத்தில் முடிந்துவிடும். சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. குழுவில் யாரைக் கேட்டாலும் கடினமான வேலை நிரல் எழுதுவதுதான் என்பார்கள். இரவெல்லாம் விழித்திருப்பது அதற்காக. சண்டை வருவதும் அதனால். ஆனால் நிரலுக்கு ஏழு நாள் தளர்வு இருக்கிறது. திட்டத்தின் நீளத்தைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய துண்டு பிசிபிக்கான அந்த 15 நாள். அந்த நாட்களில் குழுவில் யாரும் அதற்காக விரலைக்கூட அசைப்பதில்லை. கடினமான வேலையும் நெருக்கடியான வேலையும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கைப் போலத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

தெரிந்த பிறகு என்ன செய்யலாம்? வடிவமைப்பு என்ற 8 நாளைப் பிரித்துப் பாருங்கள். பிசிபிக்குத் தேவை மின்சுற்று வடிவமைப்பு மட்டும்; அது 5 நாள். பெட்டியின் வடிவமைப்புக்கு மீதி 3 நாள். மின்சுற்று முடிந்ததும் அன்றே பிசிபிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் அது 20ஆம் நாளே வந்துவிடும். மூன்று நாள் மிச்சம், செலவு எதுவும் இல்லை. அடுத்து, அறிக்கை முழுவதும் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? முன்னோர் செய்த ஆய்வுகளைத் தொகுக்கும் அத்தியாயத்துக்கும், செயல்முறை அத்தியாயத்துக்கும் சோதனை முடிவுகள் தேவையில்லை. அவற்றுக்கு 5 நாள் என்றால், பிசிபிக்காகக் காத்திருக்கும் காலத்தில் கை ஓய்ந்திருக்கும் ஒருவர் எழுதிவிடலாம். சோதனைக்குப் பிறகு மிஞ்சுவது 4 நாள் வேலை. மறுபடி கூட்டுங்கள்: 5, 15, 4, 10, 4. மொத்தம் 38. யாரும் ஒரு மணி நேரம்கூட அதிகம் உழைக்காமல் எட்டு நாள் கிடைத்திருக்கிறது. அட்டவணையில் இரண்டு வரிகளைப் பிரித்து எழுதியதுதான் நாம் செய்த ஒரே காரியம்.

பணம் கொடுத்து நேரம் வாங்குவதையும் பார்த்துவிடுவோம். பழைய 46 நாள் அட்டவணையிலேயே, கூடுதல் கட்டணம் கட்டினால் பிசிபியை 15க்குப் பதில் 8 நாளில் தருவதாகச் சொல்கிறார்கள். ஏழு நாள் மிச்சமாகும் என்று தோன்றும். ஆகாது. பிசிபி 16ஆம் நாளே வந்தாலும் சென்சார் அளவுத்திருத்தம் 19இல்தான் முடிகிறது. பொருத்துதல் 19இல் தொடங்கி, திட்டம் 42இல் முடியும். ஏழு நாளுக்குக் காசு கொடுத்து நான்கு நாள் வாங்கியிருக்கிறோம். பிசிபி குறுகியதும் நெருக்கடிப் பாதை சென்சார் பக்கம் தாவிவிட்டது. ஒரு முறை கண்டுபிடித்துச் சுவரில் ஒட்டிவிடும் பொருள் அல்ல அந்தப் பாதை. நாம் தொடும்போதெல்லாம் இடம் மாறக்கூடியது.

இந்த முறை பிறந்ததே இப்படியொரு பணக் கேள்வியிலிருந்துதான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டுபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில் மார்கன் வாக்கர் என்பவரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். ஆலை கட்டும் வேலையைச் சீக்கிரம் முடிக்க எந்த வேலையில் கூடுதல் பணம் போடுவது என்பது அவர்களுடைய கேள்வி. எல்லா வேலையையும் அவசரப்படுத்தினால் செலவு தாங்காது. சரியான சிலவற்றை மட்டும் அவசரப்படுத்த வேண்டும். யூனிவாக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு லூயிவில் நகரிலுள்ள ஆலையைப் பராமரிப்புக்காக மூடித் திறக்கும் வேலையிலும் இதைப் பயன்படுத்தி, ஆலை மூடிக்கிடக்கும் நேரத்தைக் கணிசமாகக் குறைத்தார்கள்.

பதினைந்து நாள் என்பது எங்கிருந்து வந்தது?

இதுவரை எண்களை நம்பிவிட்டோம். பிசிபிக்கு 15 நாள் என்று யார் சொன்னது?

டுபான்ட் வேலை நடந்த அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையைச் செய்துகொண்டிருந்தது. ஆலை கட்டுவது டுபான்ட்டுக்குப் பழகிய வேலை. ஏவுகணை யாருக்கும் பழகாதது. எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண்களைக் கேட்டார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் சராசரி. இதுதான் பாடப்புத்தகத்தில் வரும் பெர்ட் முறை. நம் பிசிபிக்கு 10, 14, 24 என்று மூன்று எண்கள் கிடைத்திருந்தால், 10, 56, 24 கூட்டி 90. ஆறால் வகுத்தால் 15. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால் திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன். இங்கே சுமார் 2.3 நாள். அதாவது 15 என்பது ஒரு வாக்குறுதி அல்ல. அதைத் தாண்டுவதற்கு ஏறத்தாழ பாதி வாய்ப்பு இருக்கிறது.

போலாரிஸ் 1960 ஜூலையில் நீருக்கடியிலிருந்து முதன்முதலாக ஏவப்பட்டது. பெர்ட் புகழ் பெற்றது. பின்னாளில் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் சுவையான ஒன்றைச் சொன்னார்கள். உள்ளே வேலை செய்தவர்களுக்கு அந்த பெர்ட் வலைப்படங்கள் உதவியதைவிட, கேள்வி கேட்க வந்த மேலிடத்தாரை மலைக்கவைத்து அனுப்பியதில் அவை அதிகம் உதவினவாம். ரிவ்யூவுக்கு முந்தின இரவு மட்டும் அழகான வண்ண அட்டவணை தயாரிக்கும் நம் மாணவர்களுக்கு உயர்ந்த முன்னோடிகள் இருக்கிறார்கள்.

மூன்று எண்ணைக் கேட்டாலும் ஒரு சிக்கல் மீதம் இருக்கிறது: நாம் சொல்லும் மோசமான எண்கூடப் போதுமான அளவு மோசமாக இருப்பதில்லை. 1994இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு மாணவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். படுமோசம் என்று அவர்கள் கற்பனை செய்ததையும் உண்மை தாண்டிவிட்டது.

காரணம் சோம்பல் என்று சொல்வது எளிது. ஆய்வாளர்கள் சொன்னது வேறு: தன் வேலையைப் பற்றி ஊகிக்கும்போது மனிதர் முன்னே நடக்கப்போவதை மட்டும் படிப்படியாகக் கற்பனை செய்கிறார், முன்பு இதே போன்ற வேலைகளில் எவ்வளவு ஆனது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கான மருந்தும் அதிலேயே இருக்கிறது. பிசிபிக்கு எத்தனை நாள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். சென்ற ஆண்டு இதே துறையில் செய்த சீனியர்களிடம் எந்தத் தேதி ஆர்டர் கொடுத்தீர்கள், எந்தத் தேதி கைக்கு வந்தது என்று கேளுங்கள். அவர்கள் செல்பேசியில் பழைய மின்னஞ்சல்கள் இருக்கும். அந்த இரண்டு தேதிகள் உங்கள் ஊகத்தைவிட எவ்வளவோ நம்பகமானவை. முதல் பலகையில் தவறு கண்டுபிடித்து இரண்டாவது முறை செய்யக் கொடுத்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். சென்னையில் படிப்பவர்கள் ஒரு பாகம் எரிந்துபோனால் மாலையே ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்துவிடலாம். ரிச்சி தெரு இல்லாத ஊரில் அதே பாகம் கூரியரில்தான் வர வேண்டும். ஒரே வேலைக்கு ஊருக்கு ஊர் நாள் மாறும்.

பாடத்தில் அதிகம் பேசாத இன்னொரு விஷயமும் உண்டு. நம் அட்டவணையில் பொருத்துதலுக்கு முன் மூன்று வேலைகள் முடிய வேண்டும். ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்; ஒன்றின் தாமதம் இன்னொன்றைச் சார்ந்ததல்ல. மூன்றும் நேரத்துக்கு முடிய வாய்ப்பு என்ன? 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஒவ்வொருவரும் தன்னளவில் நம்பகமானவர்தான். ஆனாலும் மூவரும் சந்திக்கும் இடம் பாதி நேரம் தாமதமாகும். பல அம்புகள் வந்து கூடும் இடங்களில் கூடுதலாகச் சில நாட்களை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அந்த ஒதுக்கிய நாட்களைத் தனித்தனி வேலைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியும்: ஒரு வாரம் தளர்வு இருப்பதாகத் தெரிந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் வேலை தொடங்கும். எலியாகு கோல்ட்ராட் என்ற இஸ்ரேலிய மேலாண்மை அறிஞர் 1997இல் இந்தப் பழக்கத்துக்குப் பெயர் வைத்தபோது வேறு யாரையும் நினைக்கவில்லை. 'மாணவர் நோய்' என்றே வைத்தார்.

ஆட்கள்

வலைப்படம் ஒன்றை மறைக்கிறது. ஒரே சமயத்தில் நடக்கலாம் என்று அது சொல்லும் வேலைகளுக்கு ஆள் இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை. நம் குழுவில் நிரலும் அளவுத்திருத்தமும் தெரிந்தவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம். எடுத்ததை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன் என்று அவர் நிரலை 20ஆம் நாள் முடித்து, பிறகு அளவுத்திருத்தத்தைத் தொடங்கினால் அது 26இல் முடியும். 46 நாள் திட்டம் 49 ஆகிவிடும். அதற்குப் பதில், சென்சார் 13ஆம் நாள் வந்ததும் நிரலை அப்படியே நிறுத்திவிட்டு, அளவுத்திருத்தத்தை 19இல் முடித்து, பிறகு மிச்ச நிரலை 26இல் முடித்தால்? நிரலுக்கு 27வரை அவகாசம் இருக்கிறது. திட்டம் 46 நாளிலேயே நிற்கும். ஒரே ஆள், ஒரே உழைப்பு. வரிசையை மாற்றியதில் மூன்று நாள் மிச்சம். எதைப் பாதியில் நிறுத்தலாம் என்று சொல்லிக் கொடுப்பது தளர்வுதான்.

தாமதமாகிவிட்டால் ஆளைச் சேர்க்கலாமே என்று தோன்றும். ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குக் கற்றுத்தர, வேலை தெரிந்தவரின் நேரம் போகிறது. பேசிக்கொள்ள வேண்டிய இணைகளும் பெருகுகின்றன. நான்கு பேர் என்றால் ஆறு இணைகள். எட்டுப் பேர் என்றால் இருபத்தெட்டு.

அம்புக்குறி தவறினால்

நாட்களை ஊகிப்பதில் வரும் பிழையைவிட அம்புக்குறியில் வரும் பிழை கொடியது. நாள் தவறினால் தாமதம்; அம்பு தவறினால் செய்ததை இடிக்க வேண்டியிருக்கும். இதற்குச் சிட்னி ஓபரா ஹவுஸ் ஓர் அசல் பாடம். டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957இல் போட்டியில் வென்றார். பாய்மரம் போன்ற அந்தக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்பது அப்போது தீர்மானமாகியிருக்கவில்லை. ஆனால் அரசியல் ஆதரவு கைநழுவிவிடுமோ என்ற அவசரத்தில் 1959 மார்ச்சில் அடித்தளப் பணியைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் வடிவவியலுக்கு 1961 வாக்கில்தான் தீர்வு கிடைத்தது. கிடைத்தபோது, கீழே ஏற்கெனவே எழுப்பியிருந்த தூண்கள் அந்த எடையைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. 1963 ஜனவரியில் முடியும் என்று சொன்ன கட்டடம் 1973 அக்டோபரில் திறக்கப்பட்டது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது.

கட்டும்போது தூண் முதலில், கூரை பிறகு. வடிவமைக்கும்போது கூரை முதலில், தூண் பிறகு. இந்த இரண்டாவது அம்பைத்தான் அங்கே மதிக்கவில்லை. நம் ஈரமானிக் கருவியிலும் இப்படியோர் அம்பு இருக்கிறது: எந்தப் பம்பு என்று தீர்மானிக்காமல் பிசிபி வரைந்துவிட்டால், பம்பு இழுக்கும் மின்னோட்டத்தை ரிலேவும் பலகைத் தடங்களும் தாங்குமா என்பது பிறகுதான் தெரியவரும். தீர்மானங்களுக்கும் அம்பு போட வேண்டும். வேலைகளுக்கு மட்டும் போட்டால் போதாது. வலைப்படத்தைக் கைடிடம் காட்டும்போது "சரியா சார்?" என்று கேட்பதைவிட "எந்த அம்பு விட்டுப்போயிருக்கிறது சார்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து ஆண்டு ப்ராஜெக்ட் பார்த்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

படம், மென்பொருள், சான்றிதழ்

எல்லோருக்கும் தெரிந்த பட்டை அட்டவணை, ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குவது. நூறாண்டுக்கு மேல் பழையது. எந்த வேலை எந்த வாரத்தில் என்பதை அது அழகாகக் காட்டும். ஏன் அந்த வாரத்தில் என்பதைச் சொல்லாது. ஆகவே முதலில் வலைப்படம், அதிலிருந்து பட்டை அட்டவணை என்பதுதான் வரிசை. நேராகப் பட்டை வரைபவர்கள் தேதிகளைக் கண்ணளவில் போடுகிறார்கள் என்று பொருள்.

வரைந்த பிறகு அதை வாரந்தோறும் திருத்த வேண்டும். முதலில் போட்ட திட்டத்தை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள். எவ்வளவு விலகினோம் என்று தெரிய அது வேண்டும். இ. ஸ்ரீதரன் தலைமையில் டெல்லி மெட்ரோ கட்டப்பட்டபோது, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று இறங்குமுகமாக எண்ணும் கடிகாரங்களைப் பணியிடங்களில் வைத்திருந்தார்கள். நான்கு பேர் குழுவுக்கு அவ்வளவு வேண்டாம். விடுதி அறைச் சுவரில் ஒரு தாள் போதும்.

மென்பொருள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒன்பது வேலைக்குத் தாளும் பென்சிலும் போதும், எக்செல் இருந்தால் வசதி. இலவசமாக வேண்டுமானால் ப்ராஜெக்ட்லிப்ரே இருக்கிறது. கட்டுமானத் துறைக்குப் போக நினைக்கும் சிவில் மாணவர்கள் மட்டும் ப்ரைமவேரா பி6 பழகிக்கொள்வது நல்லது. பெரிய கட்டுமானத் திட்டங்களில் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அம்புகளைச் சிந்திக்கத் தெரியாமல் பி6 கற்றவர் பிழையான அட்டவணையை அழகாக அச்சடிப்பார், அவ்வளவுதான்.

கணினி அறிவியல் மாணவர்கள் வேறு கேள்வி கேட்பார்கள்: நாங்கள் அஜைல் படிக்கிறோமே, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு மென்பொருளாளர்கள் கூடி எழுதிய அறிக்கையிலிருந்து அந்தப் பெயர் பரவியது. தேவை என்னவென்று முன்கூட்டியே முழுதாகத் தெரியாத இடத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடக்கூடிய ஒன்றைச் செய்து காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்துவது மிகவும் நியாயமான வழி. நிரலை அழித்து எழுத நேரம்தான் செலவு. கான்கிரீட்டை அப்படி அழிக்க முடியாது. துறைக்குத் துறை முறை மாறுவது அதனால்தான். ஆனால் மென்பொருள் ப்ராஜெக்ட்டிலும் காத்திருப்புகள் உண்டு. மருத்துவமனையிடம் தரவு கேட்டு அனுமதிக்கு நிற்பது, கைடு அத்தியாயத்தைத் திருத்தித் தருவது, நகல் சோதனை, துறைத் தலைவர் கையெழுத்து, எல்லாத் துறை மாணவர்களும் ஒரே வாரத்தில் மொய்க்கும் பைண்டிங் கடை. இவை எதுவும் இரண்டு வாரச் சுற்றுக்குள் அடங்குவதில்லை. அவற்றுக்கு அம்பு போட்டுத்தான் ஆக வேண்டும்.

சான்றிதழ் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் தரும் பிஎம்பி சான்றிதழ் துறையில் மதிப்புள்ளது. ஆனால் அதற்குத் திட்டங்களை நடத்திய அனுபவம் ஆண்டுக் கணக்கில் வேண்டும். படிக்கும்போது அதைப் பற்றி யோசிப்பது வீண். அதே அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம்முக்குப் பணி அனுபவம் தேவையில்லை; 23 மணி நேரப் பாடப் பயிற்சி இருந்தால் விண்ணப்பிக்கலாம். கட்டணம் மாணவருக்குச் சிறியதல்ல. வேலைக்கான நேர்முகத் தேர்வில் அந்தத் தாளைவிட, உங்கள் ப்ராஜெக்ட்டின் முதல் அட்டவணையையும் கடைசி அட்டவணையையும் அருகருகே வைத்து, எந்த வேலை எத்தனை நாள் தள்ளிப்போனது, ஏன், அப்போது எதை மாற்றினீர்கள் என்று விளக்க முடிந்தால் அது அதிகம் எடுபடும் என்பது என் கருத்து. பணம் இருந்தால் சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள்.